குட்டி போடாதீர்கள்

மெத்தையை நானும் அக்காவும் ஞாயிற்றுக்கிழமை காலை கீழே இறக்கினோம். இரண்டாவது மாடி. அக்கா முன்னால், நான் பின்னால். படிக்கட்டு திரும்பும் இடத்தில் அது சுவரோடு ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது.

"தள்ளுடா. கண்ணாடிச் சாமானா தூக்கற?" என்றாள்.

தள்ளினேன்.

என் மனைவி போய் எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதமும் கூடத்து சோபாவில்தான் தூங்கினேன். படுக்கையறைக்குள் போவது சட்டை எடுக்க மட்டும். மெத்தையில் சன்னல் பக்கம் அவள் படுத்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. விரிப்பு போட்டாலும் தெரியும். மாதம் ஒருமுறை வரும் அக்காவைக்கூட அதில் படுக்க விட்டதில்லை. தரையில் பாய் விரித்துப் படுத்துவிட்டு, காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவாள். இந்த முறை எழும்போதே முடிவோடு எழுந்தாள்.

"இது வெளியே போனாத்தான் நீ உள்ளே போவ. சோபால சுருண்டு சுருண்டு உன் முதுகே கேள்விக்குறி ஆயிடுச்சு. தூக்கிப் போடு. புதுசு வாங்கிக்கலாம்."

சரி என்றேன். எட்டு மாதமாக யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்கிறேன். பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.

தெருமுனைச் சுவரில் மெத்தையைச் சாய்த்து வைத்தோம். பெரிய சாமான்களை எடுக்கும் வண்டி மாதத்தின் முதல் திங்கட்கிழமை அங்கே வரும். மாலை நாலிலிருந்து ஐந்துக்குள். எனக்கு அது நன்றாகத் தெரியும். அந்த அறிவிப்பைத் தமிழில் எழுதியவன் நான்தான். நகர அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பிரிவில் வேலை. "கட்டில், மெத்தை, அலமாரி முதலியவற்றை முந்தைய நாளே வைக்கலாம். வண்டியில் ஏற்றிய பொருளைத் திரும்பக் கேட்கக் கூடாது." என் வாக்கியங்கள்.

அக்கா கையைத் தட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தாள். மெத்தைக்கு மேலே சுவரில் ஒரு பச்சைப் பலகை. சிரித்தாள்.

"என்னடா இது? யாரைச் சொல்றாங்க?"

நான் மெத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாய்வான வெயிலில் அந்தப் பள்ளம் அறைக்குள் தெரிந்ததைவிட ஆழமாகத் தெரிந்தது. பலகையைப் பார்க்கவில்லை.

மறுநாள் பார்த்தேன். அலுவலகத்தில், புகைப்படமாக.

மேலாளர் கூப்பிட்டிருந்தார். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருக்கும் அம்மா. அதுவரை எந்தக் காகிதமும் தன்னைக் கடித்துவிடக் கூடாது என்று காகிதங்களை ஓரத்தில் பிடித்துத்தான் தூக்குவார். மேசையில் இரண்டு இருந்தன. ஒன்று படம். பச்சைப் பலகை, மேலே ஆங்கிலத்தில் குப்பை போடாதே என்னும் 'டு நாட் லிட்டர்', கீழே தமிழில், பெரிய எழுத்தில்: குட்டி போடாதீர்கள்.

இன்னொன்று ஒரு குடிமகன் எழுதிய புகார். "எங்கள் தெருவில் உள்ள பூனைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நேற்று நான்கு போட்டுவிட்டது. யாரையாவது அனுப்பி அதனிடம் நேரில் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்."

"அறுபது பலகை," என்றார் மேலாளர். "ஊர் முழுக்க மாட்டி ஒரு மாசம் ஆச்சு. அறுபதுலயும் குட்டி."

"ஆமா மேடம்."

"அச்சடிச்சவங்க தப்புன்னு சொல்ல ஏதாவது வழி இருக்கா?"

"இல்ல மேடம். நான் எழுதிக் கொடுத்த தாள்லயே அப்படித்தான் இருக்கு."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். குரல் இறங்கியது.

"தேதி பார்த்தேன். நீங்க லீவு முடிஞ்சு வந்த வாரம். வீட்டுச் சூழ்நிலைன்னு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க. மேல யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. மூணரைக்குள்ள வேணும்."

"அந்த வரி வேண்டாம் மேடம்."

"வேற என்ன எழுதுவீங்க?"

"அந்தச் சொல்லைப் பத்தி எழுதறேன்."

இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். தவறு எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். அதை அலுவலகத் தாளில் எழுத முடியாது.

என் மனைவி பள்ளியில் ஆங்கிலம் நடத்தினாள். கல்யாணமான முதல் வருடம் ஒருநாள் மாலை, தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்று சிரித்தாள். அன்றைய பாடத்தில் 'எ லிட்டர் ஆஃப் பப்பீஸ்' என்று வந்ததாம். ஒரே ஈற்றில் பிறந்த நாய்க்குட்டிகள். ஒரு மாணவி எழுந்து கேட்டாளாம்: "மிஸ், நாய்க்குட்டியை எதுக்கு லிட்டர்ல அளக்கறாங்க?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குழந்தைகளுக்கு அளவு லிட்டர்.

"நமக்கு எவ்வளவு?" என்பாள்.

"அரை லிட்டர் போதும்."

"கஞ்சப் பிசினாறி. எனக்கு முழு லிட்டர் வேணும். ஒரே ஈத்து, வேலை முடிஞ்சுது."

பால் கடையில் நின்றுகொண்டு இதைப் பேசுவாள். கடைக்காரர் அரையா ஒன்றா என்று புரியாமல் இரண்டையும் எடுத்து வைப்பார். இரண்டு வருடம் போனது. கால் லிட்டர்கூட ஆகவில்லை. மருத்துவரிடம் போனோம், வந்தோம். அவள் கிண்டலை விடவில்லை. ஒருநாள் காலை தலை வலிக்கிறது என்றாள். பதினோரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. மூளையில் ஏதோ ஒரு ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினைந்து நாள் கழித்து வேலைக்கு வந்தேன். பலகைகளுக்கான பட்டியல் காத்திருந்தது. நாற்பது வரி. புல்லில் நடக்காதீர்கள், சுவரில் எழுதாதீர்கள், துப்பாதீர்கள். முப்பத்தொன்றாவது வரியில் அந்தச் சொல் வந்தது. எங்கள் வீட்டில் அதற்கு என்ன பொருளோ அதை எழுதிவிட்டு முப்பத்திரண்டாவது வரிக்குப் போனேன். அவள் இருந்தவரை நான் எழுதிய எந்தப் பட்டியலும் சாப்பாட்டு மேசைக்கு வராமல் அலுவலகம் போனதில்லை. சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து படிப்பாள். "இது தமிழ் இல்ல. தமிழ் மாதிரி வேஷம் போட்டிருக்கு," என்று சுழிப்பாள். அந்தப் பட்டியல் நேராகப் போனது.

இப்போது பால் கடையில் ஒரு பாக்கெட் என்றுதான் கேட்கிறேன். அந்தச் சொல்லைச் சொல்வதில்லை.

அலமாரியிலிருந்து பெரிய அகராதியை இறக்கினேன். பக்கத்து மேசையிலிருந்து கமா எட்டிப் பார்த்தார். எங்கள் பிரிவில் மெய்ப்பு பார்ப்பவர். கண்ட இடத்திலெல்லாம் ஒரு காற்புள்ளி வைப்பதால் அந்தப் பெயர். கோபித்துக்கொள்ள மாட்டார்.

"என்னையும் கேட்டாங்க தம்பி," என்றார். "எப்படிய்யா இதை விட்டேன்னு. நான் எழுத்துப்பிழைதான் பார்ப்பேன்னுட்டேன். குட்டில என்ன பிழை இருக்கு? ஒத்து இருக்கு, கொக்கி இருக்கு. அழகான குட்டி."

"உங்க மேல எந்தத் தப்பும் இல்ல சார்."

"அதுலயும் பாருங்க, இருக்கறது ரெண்டு சொல்லு. ஒண்ணு சரி. போடாதீர்கள் சரிதானே? ஐம்பது மார்க். பாஸ்."

சிரிக்க வேண்டிய இடம் அது. எனக்குத் தெரிந்தது. உதட்டை அசைத்தேன். அகராதியைத் திறந்து எழுத ஆரம்பித்தேன்.

"பலகை வரி எண் 31 குறித்த விளக்கம். 'லிட்டர்' என்னும் ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீன். அங்கே அதற்குப் படுக்கை என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் முதலில் படுக்கைதான். பிறகு ஆட்கள் தூக்கிச் செல்லும் படுக்கை, அதாவது பல்லக்கு."

அகராதியில் அந்தப் பொருளுக்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. நோயாளியையும் காயம்பட்டவரையும் தூக்கிச் செல்லும் படுக்கை. ஆம்புலன்ஸிலிருந்து அவளை அதில்தான் இறக்கினார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். ஒரு கதவு வரைக்கும். அந்தப் பொருளை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

"பிறகு ஆடுமாடுகள் படுப்பதற்குத் தொழுவத்தில் பரப்பும் வைக்கோல். அந்த வைக்கோலில் பிறந்த குட்டிகளுக்கும் அதுவே பெயர் ஆயிற்று. வைக்கோல் கலைந்து கிடப்பதுபோல் கலைந்து கிடக்கும் எதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. குப்பை என்ற பொருள் தோன்றி முந்நூறு வருடங்கள்கூட ஆகவில்லை. பொருள்களில் அதுவே இளையது.

"தமிழில் நாம் படுக்கை போடுகிறோம். நாய் குட்டி போடுகிறது. தெருவில் குப்பை போடுகிறார்கள். மூன்றுக்கும் வினை ஒன்றுதான். ஆகவே 'போடாதீர்கள்' என்பது சரி. 'குட்டி' என்பது என் தவறு. வழக்கமாகச் சரிபார்ப்பவர் இப்போது இல்லை."

தோளுக்குப் பின்னால் கமாவின் குரல்.

"சரிபார்ப்பவர் இல்லையா? அப்ப நான் என்ன, செத்தா போயிட்டேன்?"

சொல்லி முடித்தபின்தான் அவருக்குப் புரிந்தது. என் தோளில் கை வைக்க வந்தார். வைக்கவில்லை. தன் மேசைக்குப் போய் உட்கார்ந்து, கையில் இருந்த தாளில் எங்கோ ஒரு காற்புள்ளி வைத்தார்.

அந்தக் கடைசி வரியை அடித்தேன். மீதியை மேலிருந்து ஒருமுறை படித்தேன். படுக்கை. எல்லாப் பொருளுக்கும் முந்தியது படுக்கை. குப்பை கடைசியாக வந்தது.

நான் படுக்கையைத் தெருவில் போட்டிருந்தேன்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபத்தைந்து. தாளை மேலாளரிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார்.

"இது விளக்கமா, பாடமா?"

"ரெண்டும்தான் மேடம்."

"இவ்வளவு தெரிஞ்ச ஆளு எப்படிங்க தப்பா எழுதினீங்க? அதைத்தானே மேல கேப்பாங்க." அடித்த வரியைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடித்தது சரியாக மறைக்கவில்லை போலிருக்கிறது. "சரி விடுங்க. இப்படியே அனுப்பறேன். படிச்சு முடிக்கறதுக்குள்ள அவங்களுக்குத் தூக்கம் வந்துடும்."

"நான் இப்பவே வீட்டுக்குப் போகணும் மேடம்."

"என்னாச்சு?"

"ஒரு பொருளை வெளியே வச்சுட்டேன்."

போங்க என்று கையை ஆட்டினார்.

பேருந்து நாலு மணிக்கு வந்தது. பாலத்தில் பத்து நிமிடம் நின்றது. நிறுத்தத்தில் இறங்கி ஓடினேன். ஓடி எட்டு மாதம் ஆகியிருந்தது. தெருமுனையில் வண்டி நின்றது. சுவர் காலியாக இருந்தது. பச்சைப் பலகை மட்டும் மேலே.

மெத்தை வண்டியின் பின்பக்கம், ஒரு கால் இல்லாத மேசைக்கும் ஒரு குளிர்பெட்டிக்கும் நடுவில் கிடந்தது. அதன்மேல் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு பெண் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஆரஞ்சு மேல்சட்டை. நாற்பது வயது இருக்கும். அவள் உட்கார்ந்திருந்தது அந்தப் பள்ளத்தில்.

"அது என்னுது," என்றேன். மூச்சு வாங்கியது.

"எது? தண்ணியா?"

"மெத்தை."

"வச்சது யாரு?"

"நான்தான்."

"அப்ப உங்களுது இல்ல." பாட்டிலை மூடினாள். "வண்டில ஏத்தினதைத் திரும்பக் கேக்கக் கூடாது. நோட்டீஸ் ஒட்டியிருக்கே, படிக்கலையா?"

"அதை எழுதினது நான்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும் சார்."

"நிஜமாத்தான். இதையும் நான்தான் எழுதினேன்." மேலே கை காட்டினேன்.

பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மெத்தையிலிருந்து எழுந்தே விட்டாள்.

"அடப் பாவி, அது நீங்களா? மாத்திடாதீங்க சார். இந்த மூலைல ஒரு மாசமா குப்பையே கம்மி. போட வர்றவன் நின்னு படிக்கறான், சிரிக்கறான், கைல இருக்கறதைப் போட மறந்து அப்படியே எடுத்துட்டுப் போயிடறான்."

முன்பக்கம் ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

"இருய்யா! பேசிட்டிருக்கோம்ல!" என்று கத்தினாள். பிறகு என்னிடம், "மாசாமாசம் உங்களை மாதிரி ஒரு ஆளு வரும். போன மாசம் ஒரு அம்மா அலமாரிக்கு ஓடி வந்தாங்க. ஒரு செருப்போட. எத்தனாவது மாடி?"

"ரெண்டாவது."

"நாசமாப் போச்சு," என்றாள். கையுறையை மாட்டிக்கொண்டாள்.

இறக்கும்போது மெத்தையைத் தட்டிப் பார்த்தாள், பழம் வாங்குபவர்கள் தட்டுவதுபோல.

"நானும் எத்தனையோ மெத்தை பார்த்தாச்சு. மெத்தையைப் பார்த்தாலே வீட்டைச் சொல்லிடுவேன். இதுல ரெண்டு பள்ளம். ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது."

"ஒண்ணுதான் இருக்கு," என்றேன்.

"ரெண்டு சார். கையை வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தேன். கதவுப் பக்கம், நான் படுத்த இடத்தில், இன்னொன்று இருந்தது. அவளுடையதைவிட அகலமானது. எட்டு மாதத்தில் ஒருமுறைகூட நான் அதைப் பார்க்கவில்லை.

"நடுவுல பாருங்க, கடைல வாங்கின மாதிரியே மேடா இருக்கு. குழந்தை இல்ல. சரியா?"

"இல்ல."

"குழந்தை இருந்தா முதல்ல நடுதான் அமுங்கும். கறையும் இருக்கும்." மெத்தையின் ஓரத்தைப் பிடித்தாள். "வீட்டம்மா எங்க?"

"எட்டு மாசம் ஆச்சு."

தலையை ஆட்டினாள். தூக்கினோம்.

முதல் மாடி வரை சிரமம் இல்லை. படிக்கட்டு திரும்பும் இடத்தில் மெத்தை மறுபடியும் சிக்கியது. அவள் மேல் படியில், நான் கீழ்ப் படியில். நடுவில் மெத்தை முழுதாக நின்றது. அவள் முகம் தெரியவில்லை.

"கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேன் சார்," என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "ஆமா, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. குப்பைக்கு எப்படிக் குட்டின்னு எழுதினீங்க? தூக்கமா?"

நான் மெத்தையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு சொன்னேன். நாய்க்குட்டிப் பாடம். லிட்டரில் எதற்கு அளக்கிறார்கள் என்று கேட்ட மாணவி. அரை லிட்டர், முழு லிட்டர். பால் கடைக்காரர். முப்பத்தொன்றாவது வரி. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடம்கூட. துணியைப் பார்த்துக்கொண்டு சொல்வது கஷ்டமாக இல்லை.

சொல்லி முடித்தேன். பிறகு மெத்தை ஆடியது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், மெத்தையில் முகத்தை வைத்துச் சிரித்தாள். அந்த ஆட்டம் என் நெற்றிக்கு வந்தது.

"முழு லிட்டரா கேட்டாங்க!" என்றாள். "நல்ல ஆளு சார் அவங்க."

"ஆமா."

"அப்ப கால் லிட்டர்கூட..."

"இல்ல."

கீழே ஹாரன் அடித்தது.

"சரி, தள்ளுங்க," என்றாள்.

மெத்தையைச் செங்குத்தாக நிறுத்தி, அரைச் சுற்றுச் சுற்றி, மேலே ஏற்றினோம். கட்டிலருகே கொண்டுவந்ததும் கேட்டாள்: "தலை எந்தப் பக்கம்?"

"எப்படி வேணா போடுங்க," என்றேன். எட்டு மாதப் பழக்கம்.

போட்டோம். தண்ணீர் கொடுத்தேன். வேண்டாம், பாட்டிலில் இருக்கிறது என்றாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"அடுத்த மாசம் மறுபடி கீழ கொண்டாந்து வச்சீங்கன்னா, நான் பார்த்தும் பார்க்காத மாதிரி போயிடுவேன். சொல்லிட்டேன்."

படியில் அவள் செருப்புச் சத்தம் இறங்கியது. வண்டி கிளம்பியது. வீட்டில் குளிர்பெட்டியின் சத்தம் மட்டும் இருந்தது.

மணி ஐந்துகூட ஆகவில்லை. அலமாரியிலிருந்து விரிப்பை எடுத்தேன். மடித்து வைத்தபடி இருந்தது, அவள் மடிப்பு. பிரித்துப் போட்டேன். நாலு மூலையும் செருகினேன். சன்னல் பக்கம் போகவில்லை. கதவுப் பக்கம், என் இடத்தில், உட்கார்ந்தேன். பிறகு படுத்தேன்.

ஏதோ சரியாக இல்லை. இடுப்பு இறங்கிய இடம் சிறியதாக இருந்தது. இரண்டு பக்கமும் இடித்தது. கையை விட்டு, ஓரத்தைத் தடவிப் பார்த்தேன்.

தலைமாடு கால்மாடாகிவிட்டது. மெத்தையைச் சுற்றியதில் பக்கமும் மாறிவிட்டது. என் பள்ளம் சன்னலோரம் கிடந்தது, காலியாக. நான் அவளுடையதில் கிடந்தேன்.

எழுந்து திருப்பிப் போடப் பார்த்தேன். ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனை அலமாரியில் இடித்தது. மறுமுனைக்கு ஓடினால் இந்த முனை விழுந்தது. இரண்டு முறை முயன்றேன். விரிப்புதான் கலைந்தது. நேற்றே ஊருக்குப் போன அக்கா திரும்பி வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

மறுபடியும் படுத்தேன். நீட்டிப் படுத்தால் கொள்ளவில்லை. ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, அவள் படுப்பதுபோல் படுத்தேன். இடுப்பு உள்ளே போனது.